சைரன் ஊதாத போலீஸ் ஜீப்

என் தம்பி உபைதுல்லா ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பான். "முகத்தை எல்லாரும் துடைச்சிருப்பாங்கக்கா. அடிப்பக்கத்த யாரும் துடைக்க மாட்டாங்க. அது பட்டதெல்லாம் அங்கதான் இருக்கும்" என்பான். நாற்பத்தாறு வயது ஆள் ஒரு கார் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்க்கிற காட்சிக்கு, தபால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை சிரித்திருக்கிறார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் ராஜகிரி. பாபநாசத்தை ஒட்டி, தஞ்சாவூர் சாலையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது சபர் போன ஊர். வெளிநாட்டுப் பிழைப்பை எங்கள் பக்கத்தில் சபர் என்றுதான் சொல்வோம். அப்படிப் போனவர்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குப் பூட்டும் இருக்கும். உள்ளே டமாரம் அடிக்கும் குரங்கு, கண்ணை மூடித் திறக்கும் பெண் பொம்மை, சாவி முறுக்கினால் ஓடும் ரயில் என்று வரிசையாக நிற்கும். பிள்ளைகளுக்காக வாங்கிவந்தவைதான். ஆனால் பிள்ளைகள் தொடக்கூடாது. உடைந்தால் அடுத்தது வர இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் வருகிற விருந்தாளிகளுக்கு எதைக் காட்டுவது என்பதுதான் கணக்கு.

எங்கள் வீட்டில் ஷோகேஸ் இல்லை. எங்கள் அத்தா டீக்கடை வைத்திருந்தார். அவர் போன பெரிய பயணமே நாகூருக்குத்தான். அதனால் உபைது மற்றவர்கள் வீட்டு ஷோகேஸ் முன்னால் போய் நிற்பான். கண்ணாடியில் கைரேகை பட்டால் திட்டுவார்கள் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். பெருநாளன்று நான் அவனைத் தேடிப் போனால் ஏதாவது ஒரு வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் நின்றுகொண்டிருப்பான். இன்றைக்கும் ஒரு பொம்மை புதிதாக வந்தால் முதல் நாள் அவன் அதில் கை வைப்பதில்லை. மேஜையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்ப்பான்.

பன்னிரண்டாவது முடித்து, இருபத்திரண்டு வயதில் அவனும் சபர் போனான். ஷார்ஜாவில் பழைய சாமான்கள் விற்கிற பெரிய கடையில் துடைக்கிற வேலை. ஒரு தகர ரயிலை அவன் துடைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, பழைய விளையாட்டுச் சாமான்கள் முழுவதையும் அவன் பொறுப்பில் விட்டுவிட்டார் முதலாளி. பதினாலு வருஷம் அங்கே இருந்தான். முதுகுவலியோடு திரும்பி வந்தபோது பெட்டியில் தங்கம் இல்லை. பிரஷ்தான் இருந்தது. ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எட்டாவதுவரை படித்தவள்தான் நான் என்றாலும், ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்கிறவனைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

முன்னாளில் நெல் கொட்டிவைத்த வடபக்கத்து அறைதான் இப்போது அவன் வேலை அறை. வெயில் நேராக விழாது. நம் பக்கத்தில் எதையும் வெயிலில் காயவைப்போம், நெல்லையும் மிளகாயையும் போல. வெயில் பட்டால் பொம்மையின் சிவப்பு வெளுத்துவிடும் என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீர்தான் வாங்குவான். துடைக்கிற துணி எங்கள் அத்தாவின் பழைய கைலி. நூறு தடவை துவைத்த கைலியைவிட மெதுவான துணி உலகத்தில் இல்லை என்பது அவன் முடிவு. அதை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓரம் அடித்துக் கொடுப்பது நான். நான் தையல்காரி. ஓரம் அடிக்காவிட்டால் நூல் பிரிந்து பொம்மையில் சிக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அவன் தண்ணீர் தொடுகிற வேலை எதுவும் எடுப்பதில்லை. அந்த ஈரத்தில் எதுவும் காயாது.

பூ மாதிரி இருக்கிற பிரஷ் ஒன்று வைத்திருக்கிறான். அது அவன் மனைவி ரிஃப்கா முகத்துக்குப் பவுடர் போட வாங்கியது.

"எனக்குன்னு வாங்குனதுக்கா இது" என்று என்னிடம் முறையிடுவாள் ரிஃப்கா. "இப்ப ஒரு குரங்குக்கு மூஞ்சி துடைக்குது. இந்தக் கவனிப்பு எனக்குக் கெடச்சிருந்தா நானும் இந்நேரம் ஷோகேஸ்ல நிப்பேன்."

"உன்னைப் பூட்டி வைக்க எந்தப் பூட்டு தாங்கும்?" என்பான் அவன், குரங்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவனிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. வந்த பொம்மை எந்த நாட்டில் செய்தது, எங்கே கீறல், எங்கே துரு, பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். உள்ளே இருந்த பொருளை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, பொம்மையோடு திருப்பிக் கொடுப்பான். இதுவரை ஒரு பால் பல், ஒரு காதுத் திருகாணி, காய்ந்துபோன இலந்தைக் கொட்டை மூன்று கொடுத்திருக்கிறான். "பொம்மைக்குள்ள இருந்தது பொம்மைக்காரங்களோடது. குப்பையா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்" என்பது அவன் சட்டம். சென்னையிலும் பெங்களூரிலும் பழைய பொம்மை சேர்க்கிறவர்கள் இப்போது கூரியரில் அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் இதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் ஒருமுறை எங்கள் எல்லாரையும் சோதித்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் தை மாதக் கடைசி. சுற்றிலும் அறுவடை மிஷின் ஓடி, சன்னலைத் திறந்தால் நெல் தூசி வந்த நேரம். மேலத்தெரு மீரா உசேன் மாமா ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு எழுபத்தேழு வயது. குவைத்தில் நெடுங்காலம் இருந்தவர். பெட்டியின் நாலு பக்கமும் அவர் பெயரும் ஊரும் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் விமானத்தில் சாமான் போடுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

"தம்பி, கலந்தர் வர்றான். இன்னும் பதினெட்டு நாளு. அதுக்குள்ள இத புதுசாக்கிக் குடு" என்றார்.

கலந்தர் அவருடைய ஒரே மகன். துபாயில் குடும்பத்தோடு இருக்கிறார். ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை அறை முழுக்க அடித்தது. உள்ளே ஒரு முழ நீளத்துக்கு ஒரு போலீஸ் ஜீப். தகரத்தில் செய்தது, மேலே திறந்தது. பிளாஸ்டிக் டிரைவர் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். பானெட் மேல் சிவப்பு விளக்கு. உபைது வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எப்ப வாங்குனது மாமா?"

"எண்பத்தொண்ணு. ஜப்பான் சாமான். பேட்டரி போட்டா ஓடும், வெளக்கு சுத்தும், சைரன் ஊதும்."

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

மாமா நான் கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்தார்.

"வாங்கிட்டு வந்த அன்னைக்கி எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காமிச்சேன். மறுநாள் நான் தூங்கி எந்திரிச்சி வந்தா, இவன் தனியா எடுத்து ஓட்டிக்கிட்டு இருக்கான். ஏழு வயசு. தூண்ல போயி மோதி முன்னாடி நசுங்கிடுச்சு. பெல்ட்டால அடிச்சேன் தம்பி. கையால இல்ல, பெல்ட்டால. அடுத்த மாசம் பிளைட் ஏறிட்டேன். ஷோகேஸ்ல வச்சுப் பூட்டி, சாவிய ஹாஜராகிட்ட குடுத்து, இத யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்கப்புறம் அது ஓடவே இல்ல."

ஹாஜராம்மா அவர் மனைவி. மவுத்தாகி ஆறு வருஷம்.

"இப்பப் போன் பண்ணுனா சாப்பிட்டீங்களாம்பான், மாத்திரை போட்டீங்களாம்பான். அதோட வச்சிடுவான். அவனக் குத்தம் சொல்ல முடியாது, நான் வளத்தது அப்படி. இந்தத் தடவ அவன் கையில இதக் குடுத்து, ஓட்டுடான்னு சொல்லணும். அவ்வளவுதான். நசுங்குனத எடுத்து, நல்லா நீலப் பெயிண்ட் அடிச்சிடு."

"பெயிண்ட் அடிச்சா இது அந்த ஜீப் இல்ல மாமா. வேற ஜீப் ஆயிடும். கலந்தர் அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்."

"அவனுக்கு என்னடா தெரியும்? ஒரு நாள்தான தொட்டான்?"

உபைது குனிந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தான். பாதி உருகினாற்போல் ஒரு பக்கம் சரிந்து, ஒட்டும் பதத்தில் இருந்தது. டிரைவரின் கன்னத்தில் உருண்டையாக ஒரு குழி.

"அந்துருண்டை எத்தனை போட்டீங்க?"

"ஊருக்கு வர்றப்பல்லாம் ஒரு கைப்பிடி போட்டுட்டுப் போவேன். பட்டுச் சேலைக்கே அதத்தான போடுறோம்?"

"துணிக்குச் சரி மாமா. இந்த மாதிரி பிளாஸ்டிக்க அது எளக்கிடும். நம்ம ஊர்ல எல்லா ஷோகேஸ்லயும் இதான் கத. வெளக்கயும் இவன் கன்னத்தயும் பழையபடி ஆக்க முடியாது."

"பத்திரமா இருக்கட்டும்னு போட்டதுதான் கெடுத்துச்சா?" என்று கேட்டார் மாமா. போகும்போது வாசலில் நின்று, "ஓடுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்குறேன் மாமா."

முதல் நாள் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் நாள் ரிஃப்காவின் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான். மூன்றாம் நாள்தான் தைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இதத் தொட்டுப் பாருங்க. தகரத்துக்கு மேல ஒரு பிசுக்கு இருக்கா?"

இருந்தது. மஞ்சளாக, விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய்.

"யாரோ இத எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்காங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ. நாப்பத்து நாலு வருஷத் தகரம், ஒரு பொட்டுத் துரு இல்ல பாருங்க. இந்த எண்ணெய்தான் காப்பாத்தியிருக்கு."

பழைய எண்ணெயை எடுக்கப் புது எண்ணெய் தொட்டு வைத்து, அது இளகியதும் பஞ்சால் ஒற்றி எடுப்பது அவன் முறை. ஒரு நாளைக்குக் கதவு ஒன்று, மறுநாள் பானெட் என்று பொறுமையாக எடுத்தான். ஒவ்வொரு இடத்திலும் முதலில் யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான் வெளியே கை வைத்தான். மங்கிக் கிடந்த நீலம் மெல்ல மெல்ல வந்தது. எனக்கே தையலில் மனம் போகவில்லை.

ஆறாம் நாள் பேட்டரி மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு பேட்டரியும் கசிந்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. பழைய காலத்துப் பேட்டரி கசிந்தால் ஆப்ப சோடா, இந்தக் காலத்துப் பேட்டரி கசிந்தால் வினிகர் என்று அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தக் காலத்துப் பேட்டரி என்று பார்க்க லென்ஸை வைத்தவன், அப்படியே நிறுத்திவிட்டான்.

"அக்கா, ஜப்பான் பேட்டரியா இருக்கணும்ல? இது பாபநாசம் கடையில கெடைக்கிற பேட்டரி. தேதியப் படிங்க."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 1984, மார்ச்.

எண்பத்தொன்றோடு ஓடாத ஜீப்புக்குள் எண்பத்து நாலாம் வருஷத்துப் பேட்டரி. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பின்பக்கத்து ரப்பர் டயர் இரண்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தன. அச்சில் நீளமான தலைமுடி சுற்றியிருந்தது. பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கு வழியாக உள்ளே விழுந்து கிடந்தவை பதினேழு நெல். உமி உரியாத முழு நெல். கடைசியில் சைரன். அது கெட்டுப்போகவே இல்லை. அதன் வயரை யாரோ கழற்றி, நுனியில் மருந்துக் கடைப் பிளாஸ்திரி ஒட்டி, சிவப்பு நூலால் ஓரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். முடிச்சு பூமாலை கட்டுகிற மாதிரி நேர்த்தியாக இருந்தது.

உபைது பஞ்சை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மாமா சபர்ல இருந்தப்ப ஹாஜராம்மா சாவிய எடுத்துக் குடுத்திருக்காங்க. வருஷக்கணக்குல. மாமா வர்றதுக்கு முந்தி எண்ணெய் போட்டுத் துடைச்சி உள்ள வச்சிருக்காங்க."

ரிஃப்கா சட்டென்று சொன்னாள்: "அந்த நெல்ல ஊதித் தள்ளிட்டு, புதுப் பேட்டரி போட்டுக் குடுங்களேன். மாமா நிம்மதியாப் போவாரு. மவுத்தானவங்க மறைச்சத நாம எதுக்கு எடுத்துச் சொல்லணும்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அதையே சொன்னேன்.

"பால் பல்லத் திருப்பிக் குடுத்தேன். திருகாணியத் திருப்பிக் குடுத்தேன். இத மட்டும் நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றான். பஞ்சை மறுபடி எடுத்துக்கொண்டு, "அன்னைக்கி அடிச்ச அடியோட இந்த ஜீப் நின்னுபோச்சுன்னு மாமா நெனச்சிக்கிட்டு இருக்காரு. நிக்கலியேக்கா" என்றான்.

மறுநாள் மாமாவை வரச் சொல்லி, மேஜையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் வைத்தான். பேட்டரி, முடி, கவரில் நெல், சிவப்பு நூல் கட்டிய வயர். ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தான் என்று மட்டும் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மாமாவின் முகம் முதலில் சிவந்தது.

"தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான போனேன்?" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு குரல் இறங்கியது. "எண்பத்து நாலுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் எங்கூட இருந்தா. ஒரு நாளு சொல்லலியே தம்பி. அவ்வளவு பயந்துகிட்டா இருந்திருக்கா, எனக்கு?"

எழுந்து போய்விட்டார். ஜீப்பை எடுக்கவில்லை. டீயும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பள்ளிவாசலில் பார்த்தபோது சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார் என்றான் உபைது. ரிஃப்கா, "நான் அப்பவே சொன்னேன்" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் அது கேட்டது. உபைது வேலையை நிறுத்தவில்லை. ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவிப் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தான். மோட்டாருக்கு ஊசி முனையால் எண்ணெய் விட்டான். பத்தாம் நாள் சக்கரம் சுற்றியது. நானும் ரிஃப்காவும் கைதட்டிவிட்டோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. நசுங்கிய பம்பரை நிமிர்த்தவில்லை. அடிப்பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்காமல் விட்டுவிட்டான். சைரனைத் தொடவே இல்லை.

"அத மாட்டிப் பாக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அறுந்து போனதுன்னா மாட்டிடுவேன். இது வேணும்னே கழட்டுனது. மாமா சொல்லாம மாட்டக் கூடாதுக்கா."

கலந்தர் புதன்கிழமை திருச்சியில் வந்து இறங்கினார் என்று கேள்விப்பட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மீரா உசேன் மாமாவும், பின்னால் கலந்தரும். ஐம்பத்தொரு வயது, முன்தலையில் முடி இல்லை, வெள்ளைச் சட்டை. மாமா எதற்குக் கூட்டிவந்தார் என்று அவருக்குத் தெரியாது போலிருந்தது.

மாமா மேஜையைக் காட்டினார். கலந்தர் ஜீப்பைப் பார்த்தார். இரண்டு கையாலும் எடுத்தார். எடுத்த கையோடு, பார்க்காமலே, அவருடைய கட்டைவிரல் அடியில் இருந்த ஸ்விட்சுக்குப் போய்விட்டது. அது பின்சக்கரத்துக்குள் மறைந்தாற்போல் இருக்கும். உபைதுக்கே அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் பார்த்ததை மாமாவும் பார்த்தார். நெல் இருந்த கவரை எடுத்து மகன் முன்னால் வைத்தார்.

"இது உள்ள கெடந்துச்சாம்."

கலந்தர் கவரைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளை மாதிரி ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார்.

"மாட்டிக்கிட்டேனா?"

"எத்தனை நாளுடா ஓட்டுன?"

"நீங்க போனதும் ரெண்டாவது வாரமே அம்மா தொறந்து குடுத்துடுச்சி அத்தா. அஞ்சாவது படிக்கிற வரைக்கும் ஓட்டுனேன். அறுப்பு முடிஞ்சு கூடத்துல நெல் மூட்டை அடுக்கியிருக்கும்ல, அதுலேந்து ஒரு பிடி எடுத்து லோடு ஏத்தி அடுப்படிக்கு ஓட்டுவேன். அம்மா நெல்ல எறக்கிக்கிட்டு, பொட்டுக்கடலை ஏத்தித் திருப்பி அனுப்பும். சில நாளு அம்மாவே ஓட்டும். எனக்குத் தராது."

மாமாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"உங்கம்மாவா? ஓட்டுனாளா?"

"சைரன கழட்டுனதே அதனாலதான். ஒரு தடவ உங்களுக்கு அனுப்பக் கேசட்ல பேசிப் பதிஞ்சிக்கிட்டு இருந்தோம். அம்மா, அங்க சாப்பாடு எப்படி, ஒடம்பு எப்படின்னு கேட்டுக்கிட்டு இருக்கு. நான் பக்கத்துல ஸ்விட்சத் தட்டிட்டேன். சைரன் ஊதுது, கேசட் ஓடுது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கல. கால் மணி நேரம் சிரிச்சிச்சு. அப்புறம் அந்தக் கேசட்ட அழிச்சிட்டு மொதல்லேந்து பேசுனோம். அன்னைக்கே கத்திரிக்கோல எடுத்து உக்காந்துடுச்சு."

"சிரிச்சாளா?" என்று கேட்டார் மாமா. மறுபடியும் கேட்டார். "பயந்துக்கல?"

"பயமா? நீங்க லீவுல வந்தப்ப ஷோகேஸப் பாத்து, 'பாத்தியா, எப்படிப் புதுசா இருக்கு, பத்திரமா வச்சிருந்தாத்தான்' அப்பிடீன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவீங்க. நானும் அம்மாவும் அடுப்படியில போயி நின்னு சிரிப்போம். இதச் சொன்னா அந்தப் பெருமை உங்களுக்குப் போயிடும்னுதான் அம்மா சொல்லல. 'இருந்துட்டுப் போகட்டும்டா'ன்னு சொல்லும்."

கலந்தர் நசுங்கிய பம்பரில் விரலை வைத்தார்.

"அந்த பெல்ட் அடி எனக்கு ஞாபகம் இருக்கு அத்தா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜீப்புன்னு நெனச்சா அது வராது. பொட்டுக்கடலைதான் வரும்."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைப்பார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத்தான் துடைத்தார், மிக மெதுவாக, இரண்டு பக்கமும். மாட்டிக்கொண்டு, உபைதைப் பார்த்தார்.

"அத மாட்டு தம்பி."

"எத மாமா?"

"சைரன. இனிமே யாருக்குத் தெரியக் கூடாது?"

உபைது சிவப்பு நூலை வெட்டவில்லை. ஊசியால் முடிச்சைத் தளர்த்தி, முழுசாக அவிழ்த்து, நெல் இருந்த கவரிலேயே போட்டான். பிளாஸ்திரியை ஈரப் பஞ்சால் ஊறவைத்து எடுத்தான். வயரைச் சுரண்டி மாட்டினான். ஸ்விட்சைத் தட்டியதும் முதலில் ஒரு கரகரப்பு வந்தது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டதுபோல, சைரன் ஊதியது. ஊர் கேட்கிற மாதிரி ஊதியது. எதிர்வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அடுப்படியிலிருந்து ரிஃப்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "அம்மாடி, ஆம்புலன்ஸ் மாதிரில்ல அலறுது!"

மாமா மகன் பக்கம் திரும்பினார். இத்தனை நாளாக வைத்திருந்த வார்த்தையை அப்போதுதான் சொன்னார்.

"ஓட்டுடா."

கலந்தர் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஜீப் நசுங்கிய மூக்கோடும் சரிந்த விளக்கோடும் கிளம்பியது. தேய்ந்த டயர் ஒருபக்கமாக இழுத்ததால் வளைந்து வளைந்து போய், அறையைக் கடந்து, ரிஃப்காவின் காலில் முட்டி நின்றது. கன்னத்தில் குழி விழுந்த டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உள்ளே போய் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்சீட்டில் கொட்டி, அதன் மூக்கைத் திருப்பி அனுப்பினாள். இந்த முறை அது மாமாவின் நாற்காலிக்குப் போனது. அவர் குனிந்து இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு இல்ல" என்றார். கலந்தர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தாவும் மகனும் ஒரே மாதிரி, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பவர்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உபைதுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. ஜீப்பைத் தூக்கி, லென்ஸ் வழியாகப் பின்சீட்டு இடுக்கைப் பார்த்தான். "உள்ள விழுந்துடுச்சு. நாலு இருக்கும். எறும்பு வந்துடும்" என்று பிரஷ்ஷை எடுத்தான்.

"வேணாம் உபைது. கெடக்கட்டும்" என்றார் கலந்தர்.

என் தம்பி கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தான். பிறகு அதைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டு, நோட்டை எடுத்து எழுதினான். அவர்கள் போனதும் நான் போய்ப் படித்துப் பார்த்தேன். எழுத்து எப்போதும்போல் முத்து முத்தாக இருந்தது.

"பெயிண்ட் அடிக்கவில்லை. அடிப்பக்கத்து எண்ணெய் எடுக்கவில்லை. சைரன் நன்றாக இருக்கிறது. உள்ளே பொட்டுக்கடலை, நான்கு. சொந்தக்காரர் எடுக்க வேண்டாம் என்றார்."